மலையாளக் கவிஞர்கள், கதைக்காரர்கள்: தமிழ் வாசகர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையாள எழுத்தை இதுவரை தொட்டதே இல்லை. முதலில் எதைப் படிக்கலாம்?

வைக்கம் முகமது பஷீரின் 'பால்யகால சகி'. 1944இல் வந்த சின்ன நாவல். ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று வாத்தியார் கேட்க, 'இம்மிணி பல்ய ஒன்று' என்கிறான் மஜீத். கொஞ்சம் பெரிய ஒன்று. இரண்டு ஆறுகள் கலந்தால் பெரிய ஒரே ஆறுதானே ஆகிறது என்பது அவன் கணக்கு. அந்த இடத்தில் சிரித்துவிட்டீர்களானால் பஷீர் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டார்.

இரண்டாவதாக அவருடைய 'மதில்கள்' (1965, தமிழில் சுகுமாரன்). சிறைச்சுவருக்கு இந்தப் பக்கம் ஆண் கைதி, அந்தப் பக்கம் நாராயணி. முகம் பார்க்காமலே பேச்சு வளர்கிறது. அவள் வந்து நிற்பதற்கு அடையாளம், சுவருக்கு மேலே எறியப்படும் காய்ந்த குச்சி. பிறகு தகழியின் 'தோட்டியின் மகன்', எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு'. இந்த நான்குக்குப் பிறகே ஓ.வி. விஜயன். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். 'கசாக்கின் இதிகாசம்' பெரிய பெயர் என்று அதில் தொடங்கிப் பாதியில் மூடிவைத்துவிட்டு, மலையாளம் ஒத்துவரவில்லை என்கிறார்கள்.

பஷீர் எளிமையானவர் என்கிறார்கள். தமிழில் படித்தால் ஏதோ விட்டுப்போனது போல இருக்கிறதே?

விட்டுத்தான் போகிறது. 1951இல் வந்த அவர் நாவலின் தலைப்பு 'ன்டுப்புப்பாக்கொரானேண்டார்ந்நு'. பிரித்தால், 'என்டெ உப்புப்பாக்கு ஒரு ஆன உண்டாயிருந்நு': என் தாத்தாவிடம் ஒரு யானை இருந்தது. ஐந்து சொற்களை வாய் மென்று ஒரே சொல்லாகத் துப்புகிறது. தமிழில் அதை நல்ல இலக்கணத்தோடு எழுதியவுடனே வேடிக்கையில் பாதி போய்விடும். கதையே இந்தப் பேச்சைப் பற்றியதும்தான். குஞ்ஞுபாத்தும்மாவின் வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி. பக்கத்து வீட்டுக்கு வரும் நிஸார் அகமதுவும் தங்கை ஆயிஷாவும் பேசுவது படித்தவர்களின் அச்சடி மலையாளம். ஆயிஷாதான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு பேச்சையும் ஒரே தமிழில் கொண்டுவந்தால் அந்தக் காட்சிகளுக்கு வேலையே இல்லாமல் போகும்.

கடைசியில் இன்னொரு சிக்கல். தாத்தாவின் கொம்பன் யானை வெறும் 'குழியான' என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். மணலில் சின்னக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் பூச்சி அது. நம் பக்கம் பல ஊர்களில் அதற்குப் பெயர் குழிநரி. மொழிபெயர்ப்பில் குழிநரி என்று போட்டால் பூச்சி சரி, யானை காணாமல் போகும். பஷீர் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் குளச்சல் மு. யூசுஃப். குமரி மாவட்டத்து முஸ்லிம் வழக்கு பஷீரின் பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது இங்கே பெரிய உதவி. உம்மா உம்மாவாகவே இருக்கலாம். அம்மா ஆக வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று மலையாளம் தெரியாமல் எப்படிப் பார்ப்பது?

கடையில் நின்றபடியே பார்க்கலாம்; பத்து நிமிடம் போதும். நடுவில் உரையாடல் அதிகமுள்ள நான்கு பக்கங்களைப் புரட்டுங்கள். கண்ணில் பட வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்கள். மலையாளத்தில் 'விசாரிச்சு' என்றால் நினைத்தான்; யாரிடமும் போய் விசாரிக்கவில்லை. 'ஆலோசிச்சு' யோசித்தான். 'அவசரம்' வாய்ப்பு. 'ஓர்ம' நினைவு. 'வெள்ளம்' குடிதண்ணீர்கூடத்தான். 'பட்டி' நாய். 'சம்சாரிச்சு' பேசினான், மனைவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'எனக்கு அங்கே போக அவசரம் கிடைக்கவில்லை' என்பது போல ஒரு வரி தென்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தூங்கிவிட்டார் என்று பொருள். மராத்தியிலிருந்தோ வங்கத்திலிருந்தோ கொண்டுவருபவருக்கு இந்த ஆபத்து குறைவு. மலையாளம் பக்கத்து வீடு என்பதாலேயே அகராதியைத் திறக்கத் தோன்றாது.

இரண்டாவது, வினைமுற்று. 'ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு': நான்குக்கும் ஒரே 'வந்நு'தான். மலையாளத்து எழுத்தாளர் எழுவாயை விட்டுவிட்டு, வந்தது யார் என்பதை இரண்டு வரி மறைத்துவைக்கலாம். தமிழில் ஆன், ஆள், ஆர் என்று உடனே சொல்லியாக வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் 'வந்த சத்தம் கேட்டது' என்பது போலச் சுற்றிப்போவார். அவசரக்காரர் 'வந்தான்' என்று முடிச்சை அவிழ்த்துவிடுவார். மரியாதைக்கும் இதே கதைதான்: மூலத்தில் மரியாதை 'அவன்', 'அவர்' என்பதில் மட்டும் இருக்கிறது, தமிழில் ஒவ்வொரு வினையிலும் தொங்கும்.

மூன்றாவது, முறைப்பெயர். எம்.டி.யின் உலகத்தில் 'அம்மாவன்' என்பவர் தாயின் சகோதரர். சொத்து பெண்வழியில் இறங்கும் மருமக்கள்வழித் தறவாட்டில், அதாவது கூட்டுக் குடும்பத்தில், சொத்தும் சாவியும் அவர் கையில். பெற்ற தகப்பன் வந்துபோகிறவர். அவரை 'மாமா' என்று மட்டும் போட்டால், நம் வீட்டுச் செல்ல மாமா கண்முன் வந்து நிற்பார். அந்தப் பயம் வராது. 'நாலுகெட்டு' (1958) அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது. தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டதால் வீட்டைவிட்டு விலக்கப்பட்டவளின் மகன் அப்புண்ணி. அந்த வீட்டிலிருந்து விரட்டப்படுகிறான், கடைசியில் பணத்தோடு வந்து அதே வீட்டை விலைக்கு வாங்குகிறான். 'அம்மாவன்', 'காரணவர்' (தறவாட்டுத் தலைவர்) என்ற சொற்களை அப்படியே வைத்து முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தந்திருக்கும் பதிப்பை நம்பி வாங்கலாம்.

தலைப்புகளை மாற்றுவது சரியா?

சில சமயம் வேறு வழியில்லை. ஆனால் எம்.டி.யின் 'ரண்டாமூழம்' (1984) 'இரண்டாம் இடம்' ஆனதில் ஓர் இழப்பு இருக்கிறது. குறிஞ்சிவேலனின் மொழிபெயர்ப்பு அது. நாவல் பீமன் பக்கமிருந்து சொல்லும் பாரதம். 'ஊழம்' என்றால் முறை, தன் முறைக்காகக் காத்திருப்பது. பாஞ்சாலியிடமும் அண்ணனுக்குப் பிறகே அவன் முறை. 'இடம்' தரவரிசையைச் சொல்கிறது, 'ஊழம்' காத்திருப்பைச் சொல்கிறது. நம் 'ஊழ்' என்ற சொல்லுக்கும் முறை என்ற பொருள் உண்டு என்பதை நினைத்துக்கொண்டு அந்த நாவலைப் படித்துப் பாருங்கள்.

தகழியில் 'செம்மீன்' போதுமா?

போதாது, ஆனால் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1956இல் வந்த நாவல், 1957க்கான சாகித்திய அகாதெமி விருது, 1965இல் ராமு காரியாட்டின் படம், அதற்குக் குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் என்று அதன் புகழ் மற்றவற்றை மறைத்துவிட்டது. தமிழில் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டையும் தந்தவர் சுந்தர ராமசாமி. எங்கள் தீர்ப்பு இரண்டாவது நூலின் பக்கம். ஆலப்புழையில் மலம் அள்ளும் தொழிலாளியின் தலைமுறைகளை 1947லேயே எழுதியிருக்கிறார். 'செம்மீன்' தருகிற கடற்கரை மயக்கம் எதுவும் இதில் கிடையாது. குட்டநாட்டு வயல் கூலிகளைப் பற்றிய 'ரண்டிடங்ஙழி' (1948) அடுத்தது. 'கயர்' (1978) பல தலைமுறைகளைச் சொல்லும் மிகப் பெரிய நாவல். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கசாக்கில் எங்கே தடுக்கும்?

காலத்தில். ரவி என்கிற இளைஞன் ஒரு குற்றவுணர்வைச் சுமந்துகொண்டு பாலக்காட்டுப் பக்கத்துக் குக்கிராமத்துக்கு ஓராசிரியர் பள்ளி நடத்த வருகிறான். அவ்வளவுதான் கதை என்று நினைத்தால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஊரின் பழங்கதை குறுக்கே வரும், செத்தவர்கள் வருவார்கள். செய்ய வேண்டியது ஒன்று: அட்டையின் உள்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டே போங்கள். அள்ளாப்பிச்சா மொல்லாக்கா, அப்புக்கிளி, நைஜாமலி, மைமூனா. இந்த நான்கு பேர் யாருக்கு யார் என்று பிடிபட்டவுடன் நாவல் திறந்துகொள்ளும்.

1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து 1969இல் நூலானது. கசாக்குக்கு மூலமான ஊர் தஸ்ராக். பாலக்காட்டு ராவுத்தர்களின் பேச்சில் தமிழ் கலந்து கிடப்பதால் தமிழ் மொழிபெயர்ப்புக்கு இங்கே அபூர்வமான வசதி. யூமா வாசுகியின் தமிழாக்கம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

கவிதைக்கு வருவோம். 'கவித்திரயம்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

இரண்டு மும்மூர்த்திகள் உண்டு. கட்டுரைகளில் இவர்களைக் குழப்பிவிடுகிறார்கள். பழையவர்கள்: கிருஷ்ணகாதை பாடிய செறுசேரி, அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு தந்த துஞ்சத்து எழுத்தச்சன், துள்ளல் என்ற ஆடல்பாட்டு வடிவம் கண்ட குஞ்சன் நம்பியார். நவீனர்கள்: குமாரன் ஆசான் (1873–1924), உள்ளூர் எஸ். பரமேஸ்வர ஐயர் (1877–1949), வள்ளத்தோள் நாராயண மேனன் (1878–1958).

மூவரில் ஆசானை முதலில் படியுங்கள். 'வீண பூவு' (1907) 41 சுலோகங்கள்தான். உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைப் பார்த்துப் பேசுகிறது. முதல் அடி: 'ஹா! புஷ்பமே, அதிகதுங்க பதத்திலெத்ர'. விரல்விட்டு எண்ணினால் ஹா, பு, ஷ்ப, மே, அ, தி, க, து, ங்க, ப, த, த்தி, லெ, த்ர: பதினான்கு. வடமொழியின் வசந்ததிலகம் என்ற யாப்பு இது. குறில் நெடில் இடம் மாறாமல் ஒவ்வொரு அடியும் இதே பதினான்கில் ஓடும். தமிழில் இதை ஆசிரியப்பாவாக்கினால் கருத்து வரும், அந்த ஏறி இறங்கும் அசைவு வராது. ஆகவே மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தை யாராவது பாடக் கேளுங்கள். பாதிச் சொற்கள் வடமொழி என்பதால் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் புரியாமல் போகாது.

பிறகு 'துரவஸ்த', 'சண்டாளபிக்ஷுகி', இரண்டும் 1922. 1903இல் தொடங்கிய, நாராயண குரு வழிச் சாதி எதிர்ப்பு அமைப்பான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முதல் செயலாளர் ஆசான். சாதியைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் அமைப்பில் வேலை பார்த்தவரின் எழுத்து. 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை போன ரிடீமர் என்ற படகு பல்லனையில் கவிழ்ந்து இறந்தார். மகாகாவியம் எழுதாமலே மகாகவி எனப்பட்டவர் அவர். மற்ற இருவரும் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள்: உள்ளூர் 'உமாகேரளம்', வள்ளத்தோள் 'சித்ரயோகம்'. அவற்றை இன்று யாரும் விரும்பி எடுத்துப் படிப்பதாகத் தெரியவில்லை. வள்ளத்தோளின் பெரிய காரியம் 1930இல் தொடங்கிய கதகளிப் பள்ளியான கேரள கலாமண்டலம் என்றே சொல்லிவிடலாம்.

எதுகைக்காக மலையாளக் கவிஞர்கள் சண்டை போட்டார்களாமே?

போட்டார்கள். நாம் எதுகை என்பதை அவர்கள் 'த்விதீயாக்ஷர பிராசம்' என்பார்கள்: நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். அது கட்டாயம் என்றார் கேரளவர்ம வலிய கோயித்தம்புரான். வேண்டாம், பொருள் கெடுகிறது என்றார் தாய்வழியில் அவருக்கு மருமகன் முறையான ஏ.ஆர். ராஜராஜவர்மா, கேரள பாணினி என்று பெயரெடுத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை பத்திரிகைகளில் நீண்ட வழக்கு இது. கே.சி. கேசவப்பிள்ளை பிராசமே இல்லாமல் 'கேசவீயம்' என்ற காவியத்தை எழுதிக் காட்டினார். உள்ளூர் பிராசத்தோடு 'உமாகேரளம்' எழுதினார். வென்றது மருமகன் கட்சி.

நமக்கு இதில் சுவை என்னவென்றால், இந்த எதுகை அங்கே பழைய சொத்து. பதினான்காம் நூற்றாண்டின் இலக்கண நூலான லீலாதிலகம் 'பாட்டு' என்ற வகைக்கு இலக்கணம் சொல்லும்போது 'த்ரமிட ஸங்காதாக்ஷர நிபத்தம்' என்கிறது. அதாவது தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகளால் மட்டும் கட்டியது. கூடவே எதுகை, மோனை, தனி யாப்பு. தமிழில் இல்லாத வடமொழி வர்க்க எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. 1,814 பாட்டுகள் கொண்ட ராமசரிதம் இந்த வகைக்குச் சான்று. யுத்த காண்டமே அதன் பொருள். ஒரு பாட்டைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக் கண்முன் வைத்தால், நிகண்டு இல்லாமலே கணிசமான பகுதி பிடிபடும். அதற்காக அதைத் தமிழ் நூல் என்று கொண்டாடக் கிளம்புவதும் வேண்டாம், இதுதான் சுத்த மலையாளம் என்று வாதாடுவதும் வேண்டாம்.

ஆசானுக்குப் பிறகு?

சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளை. 'ரமணன்' (1936), நண்பரும் கவிஞருமான இடப்பள்ளி ராகவன் பிள்ளையின் தற்கொலைக்குப் பிறகு எழுதியது. படிக்காதவர்களும் பாடிக்கொண்டு திரிந்த நூல். 1948இல் காசநோயில் போய்விட்டார். அவர் இனிப்பு திகட்டினால் மருந்து வைலோப்பிள்ளியும் இடச்சேரியும். 1960களிலிருந்து புதுக்கவிதைக்கு ஐயப்ப பணிக்கரின் 'குருக்ஷேத்ரம்' வாசல். சுகதகுமாரி (1934–2020) அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். பாலச்சந்திரன் சுள்ளிக்காட்டின் உரைநடை நினைவுகள் தமிழில் கே.வி. ஷைலஜாவால் 'சிதம்பர நினைவுகள்' ஆக வந்து இங்கே அவருடைய கவிதைகளைவிட அதிகம் பேரைச் சென்றடைந்தன.

கமலா தாஸ், மாதவிக்குட்டி, கமலா சுரய்யா: மூன்று பேரா?

ஒருவர்தான். ஆங்கிலக் கவிதைக்குக் கமலா தாஸ், மலையாளக் கதைக்கு மாதவிக்குட்டி, 1999இல் இஸ்லாத்துக்கு மாறிய பின் கமலா சுரய்யா. தாய் பாலாமணியம்மா, தனியாகவே பெரிய கவிஞர். 'என்டெ கத' 1970களின் தொடக்கத்தில் 'மலையாளநாடு' இதழில் தொடராக வந்தபோது கிளம்பிய கூச்சல் அவர் சிறுகதைகளை மறைத்துவிட்டது. சிறுகதைகளிலிருந்தே தொடங்குங்கள்.

பெண்கள் எழுத்தை வரிசையாகப் படிக்க வேண்டுமென்றால் லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் 'அக்னிசாட்சி' (1976, தமிழில் சிற்பி பாலசுப்ரமணியம்), சாரா ஜோசப்பின் 'ஆலாஹாவின் பெண்மக்கள்', கே.ஆர். மீராவின் 'ஆராச்சார்' (2012). மூன்றும் மூன்று உலகம்: நம்பூதிரி இல்லத்தின் உள்ளறை, திருச்சூர் நகரின் ஓரத்துச் சேரி, கொல்கத்தாவின் தூக்கிலிடும் குடும்பம்.

பெயர்களுக்கு முன்னால் வரும் எழுத்துகள் தகப்பனார் பெயரா?

நம் வழக்கப்படி ஊகித்தால் தவறும். எம்.டி. என்பது மாடத்து தெக்கேப்பாட்டு, வீட்டுப்பெயர். ஓ.வி.யில் ஓ வீட்டுப்பெயர், வி தந்தை வேலுக்குட்டி. தகழியும் வைக்கமும் ஊர்கள். அதனால் நூலகத்தில் தேடும்போது 'சிவசங்கரப் பிள்ளை' என்று தேடினால் கிடைக்காதது 'தகழி' என்றால் கிடைக்கும். உறூப், ஆனந்த், கோவிலன், விலாசினி எல்லாம் புனைபெயர்கள். விலாசினி ஓர் ஆண், எம்.கே. மேனன். 'ஆடுஜீவிதம்' எழுதிய பென்யாமினின் இயற்பெயர் பென்னி டானியேல்.

விருதுப் பட்டியலை நம்பி வாங்கலாமா?

ஓரளவு. ஞானபீடம் ஆறு மலையாளிகளுக்கு: ஜி. சங்கரக் குறுப்பு (1965, அந்த விருதே அவரிடம்தான் தொடங்கியது), எஸ்.கே. பொற்றேக்காட் (1980), தகழி (1984), எம்.டி. (1995), ஓ.என்.வி. குறுப்பு (2007), அக்கித்தம் (2019). பஷீரும் விஜயனும் இதில் இல்லை என்பதே பட்டியலின் எல்லையைச் சொல்லிவிடும். புனைகதைக்கு வயலார் விருது கொஞ்சம் கூடுதல் நம்பகம். 1977இல் முதலில் பெற்றது 'அக்னிசாட்சி'. எஸ். ஹரீஷின் 'மீச' 2018இல் எதிர்ப்பு கிளம்பி மாத்ருபூமி வார இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தடை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தள்ளியது. 2022இல் வயலார் விருது அதற்கே போனது.

தமிழ் மண் மலையாள நாவலில் எங்கே வருகிறது?

சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) நிகழும் பத்மநாபபுரம் இன்று குமரி மாவட்டம். எம். முகுந்தனின் 'மய்யழிக் கரையோரம்' (1974; தமிழில் இளம்பாரதி) பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்து மாஹேயைச் சொல்வது; மாஹே இன்றும் புதுச்சேரியின் ஒரு பகுதி.

மூலத்திலேயே படிக்க எவ்வளவு நாள் ஆகும்?

தினம் அரைமணி நேரம் என்றால் எழுத்துக்கு ஒரு மாதம், தட்டுத்தடுமாறி ஒரு பஷீர் கதைக்கு இன்னும் இரண்டு மாதம். மெய்யெழுத்து 36. நம் 18இல் 17க்கு நேரான எழுத்து உண்டு. ன மட்டும் தனியாக இல்லை, ந எழுத்தே இரண்டு வேலையும் பார்க்கும். முதல் வாரம் அந்த 17, இரண்டாம் வாரம் உயிர்க்குறிகள், மூன்றாம் வாரம் வர்க்க எழுத்துகள், நான்காம் வாரம் கூட்டெழுத்தும் புள்ளியில்லாமலே மெய்யாக நிற்கும் 'சில்லு' எழுத்துகளும். சொல்லின் கடைசியில் வரும் சின்ன வட்டம் ம்.

பிறகு ஒலி மாறும் வழிகளில் மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுதி ஐ, அ ஆகும்: மலை மல, தலை தல. ங்க என்பது ங்ங ஆகும்: நீங்கள் நிங்ஙள். ந்த பல இடத்தில் ந்ந ஆகும்: வந்து, வந்நு.

பழைய நூலை எடுத்துவிட்டு எழுத்தே புரியவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. 1971இல் லிபிச் சீர்திருத்தம் நடந்தது. அதற்கு முந்தைய அச்சில் உகரக் குறி மெய்யோடு ஒட்டியிருக்கும், கூட்டெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கற்கும்போது புதிய லிபிப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முதல் மூல நூலாக 'பாத்தும்மாவின் ஆடு' நல்லது. ஆடு எதையெல்லாம் தின்கிறது என்ற பட்டியலிலேயே வீட்டுச் சாமான்களின் பெயர்கள் பாதி வந்துவிடும்.